பொன்முலாமும் உழைப்பும்: சுவர்விளக்கின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

கலைப்பொருள்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை உடைமையாகக் கொண்டோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஊவாப் பிரதேசமும் இதற்கு விலக்கன்று. தோட்டங்களை நிருவகித்த ஏஜென்சிக் கம்பனியொன்றின் தலைவராயிருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் அப்புத்தளையில் கட்டுவித்த அடிசம் மாளிகையைக் காண்போர், அதன் கற்சுவர்களையும் ஆங்கிலப் பிரபுத்துவப் பாணியையும் வியப்பர். அவ்வழகுக்குரிய செல்வம் எவருடைய உழைப்பிலே திரண்டது என்னும் வினா அரிதாகவே எழுகின்றது. ஐரோப்பிய மாளிகை அலங்காரத்தின் உச்சமெனப் போற்றப்படும் பிரெஞ்சுப் பொன்முலாம் வெண்கலச் சுவர்விளக்கினிடத்து இவ்வினாவை எழுப்பிப் பார்ப்போம்.

பிரெஞ்சு மொழி இவ்விளக்கை 'ஒளியின் கை' என்று பொருள்படும் பெயரால் வழங்கும். ஆனால் அதனை ஆக்கிய கைகள் பலவாகும். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரிலே சிற்பி மாதிரியை அமைத்தான், வார்ப்போன் வெண்கலத்தை உருக்கி வார்த்தான், செதுக்குவோன் சிற்றுளியால் இலை நரம்பையும் மலரிதழையும் துலக்கினான், முலாமிடுவோன் பொன்னேற்றினான். வார்ப்போரும் முலாமிடுவோரும் 1776 வரை வெவ்வேறு தொழிற்குழாங்களைச் சேர்ந்தோராயிருந்தனர்.

முலாமிடும் முறை நுணுக்கமானது. பொன்னைப் பாதரசத்தோடு கலந்து பசையாக்கி, வெண்கலத்தின்மீது தடவி, கரியடுப்பிலே சூடாக்குவர். பாதரசம் ஆவியாகிச் செல்ல, பொன் உலோகத்தோடு ஒன்றிவிடும். பின்னர்ச் சில பகுதிகளை மெருகுக்கல்லால் தேய்த்து ஒளிரச் செய்வர். ஏனையவற்றை மங்கலாகவே விடுவர். மெழுகுதிரிச் சுடர் இவ்விரு பரப்புகளிலும் வெவ்வேறாகத் தோன்றுவதே இவ்விளக்கின் அழகு. ஆயின் வெளியேறிய ஆவி தொழிலாளரின் உடலிற் புகுந்தது. நடுக்கமும் அகால மரணமும் அத்தொழிலின் கூலியோடு கூடவே வந்தன.

இதனைத் தொழிலின் உள்ளேயிருந்தோரே உணர்ந்திருந்தனர். 1814இல் மறைந்த வெண்கலப்பொருள் உற்பத்தியாளரான ரவ்ரியோ, முலாமிடுவோரைப் பாதரசத்திலிருந்து காக்க வழிகாண்பவருக்கென 3,000 பிராங்கை உயிலில் ஒதுக்கினார். நச்சாவியைப் புகைபோக்கி வழியே வெளியேற்றும் அடுப்பை வகுத்த தார்சே என்னும் இரசாயனவியலாளர் 1818இல் அப்பரிசைப் பெற்றார். 1840இல் இங்கிலாந்தில் மின்முலாமிடும் முறைக்கு எல்கிங்டன் உரிமம் பெற்றபின் பழைய முறை படிப்படியாக வழக்கொழிந்தது. மங்கல் முலாமுக்குப் பெயர்பெற்ற கூத்தியேர் கூட, அரசனின் ஆசைநாயகியான து பாரி கடனைத் தீர்க்காமையால் நொடிந்து, 1813இல் வறுமையில் இறந்தார். புகழ்பெற்ற கலைஞனுக்கே இக்கதியெனின் பெயரறியாத் தொழிலாளியின் நிலையை ஊகிக்கலாம்.

வெண்கலத்திற் பொன்னேற்றும் கலை ஈழத்துக்குப் புதியதன்று. கிழக்கிலங்கையிற் கண்டெடுக்கப்பட்ட, 143 சென்ரிமீற்றர் உயரமான 8ஆம் நூற்றாண்டுத் தாரா சிலை இதற்குச் சான்றாகும். அதனை 1830இல் பிரித்தானிய அரும்பொருளகத்துக்கு வழங்கியவர் முன்னாள் ஆள்பதி பிரவுன்றிக். ஊவா - வெல்லசைக் கிளர்ச்சி 1817-18இல் நசுக்கப்பட்டதும் அவரது ஆட்சியிலேயே. கொடையாளியின் பெயர் நிலைத்தது. வார்த்தவனின் பெயர் இல்லை.

அக்கிளர்ச்சியின் அடக்குமுறைக்குப் பின்னர் குடியேற்ற ஆட்சி வேரூன்றிய அதே மலைகளிலேதான் பிற்காலத்திற் பெருந்தோட்டங்கள் எழுந்தன. 1890இல் லிப்டன் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924இல் புகையிரதம் பதுளையை அடைந்தது. பங்களாவும் தொழிற்சாலையும் மின்னொளி பெற்ற பின்னரும், 10 அடிக்கு 12 அடி அளவான லயக் காம்பிராக்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே எரிந்தது. பெரட்டுக்குச் செல்லுமுன் அடுப்பு மூட்டிய பெண்களுக்கு அதுவே வெளிச்சம். பாரிஸ் பட்டறையின் நச்சாவியும் லயத்தின் கரும்புகையும் ஒன்றல்ல; எனினும் ஒளியை அனுபவித்தோரும் அதன் விலையைச் செலுத்தியோரும் வேறாயினர் என்னும் உண்மை இரண்டுக்கும் பொது.

ஆகவே முலாமிட்ட விளக்கின் அழகை மறுப்பது எமது நோக்கமன்று. அவ்வழகு மனித உழைப்பின் சாதனை. அதனை உழைத்தோருக்கு உரியதாக மீட்டுரைப்பதே ஆய்வாளரின் கடமை. கம்பளையில் தோட்டத் தொழிலாளரின் வாழ்வுப் பொருள்களுக்கென அருங்காட்சியகமொன்று அமைந்துள்ளமை நல்ல தொடக்கம். ஊவாவின் வரலாற்றை எழுதுவோரும் மாளிகை விளக்கோடு குப்பி விளக்கையும் ஆவணமாகக் கொள்ளுதல் வேண்டும்.