அல்பேனியா: அருவிக்கும் ஒயினுக்கும் நடுவே ஒரு சாலை

அல்பேனியாவின் தலைநகர் திரானாவில் சுற்றுலா நடத்துபவர்கள் பலரிடம் ஒரு ஒருநாள் திட்டம் இருக்கிறது. காலையில் வேனில் ஏற்றி, நூறு கிலோமீட்டர் தெற்கே பெராத் நகரத்தைத் தாண்டி, போகோவ என்ற கிராமத்தில் இறக்கி விடுவார்கள். அங்கிருந்து ஓடைக்கரையோடு காட்டுக்குள் நடந்தால் ஒரு அருவி. குளித்து, ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு திரும்பினால், வரும் வழியில் ஒரு ஒயின் பண்ணை. நாலைந்து வகையை ஊற்றிக் கொடுத்து, கூடவே சீஸும் ஆலிவும் வைப்பார்கள். ராத்திரி திரானா வந்து சேர்ந்துவிடலாம்.

கேட்பதற்கு ஊட்டி, கொடைக்கானல் ரகப் பயணம் மாதிரிதான் இருக்கும். ஆனால் இந்தச் சாலையில் வேன் ஜன்னல் வழியாகத் தெரிகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதில் பாதிக் கதை, அந்தக் கோப்பையில் ஊற்றுகிற ஒயின் எப்படி அழியாமல் தப்பித்தது என்பதுதான்.

பெராத் பழைய ஊர். அந்திபாத்ரியா என்ற பெயரில் இருந்தபோது கி.மு. 200-ல் ரோமானியர்கள் இதைப் பிடித்தார்கள். திராட்சை அதற்கும் முன்பே இங்கே வந்துவிட்டது. கடற்கரையில் இன்று துரஸ் எனப்படும் டிரக்கியம் நகரத்து மக்கள் 'பாசிலிகா' என்ற திராட்சை வகையைப் பெருமையாகச் சொல்வார்கள் என்று முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். அப்புறம் 1417-ல் பெராத் துருக்கிய ஒட்டோமான்கள் கைக்குப் போனது. ஏறக்குறைய ஐந்நூறு வருட இஸ்லாமிய ஆட்சியில் ஒயின் செத்திருக்க வேண்டுமே? சாகவில்லை. கிறிஸ்தவக் குடும்பங்கள் தோட்டத்தை விடவில்லை. பெரும்பாலானவர்கள் பழத்தைக் காய்ச்சி 'ரக்கி' இறக்கினார்கள். இன்றும் போகோவ இருக்கும் ஸ்க்ராபார் மாவட்டத்து ரக்கி என்றால் அல்பேனியா முழுக்க மதிப்பு. இலையுதிர் காலம் வந்தால் வீட்டுக்கு வீடு செம்புப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிடுகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அருவிக்குப் போகிற வழியில் இடது பக்கம் தெரிகிற பெரிய மலை தோமோர், உயரம் 2,416 மீட்டர். அதன் மேலே பெக்தாஷி சூஃபிகளின் புனிதத்தலம் இருக்கிறது. ஆகஸ்டு 20 முதல் 25 வரை ஆயிரக்கணக்கானவர்கள் மேலே ஏறிப்போய் ஆடு பலி கொடுத்து வழிபடுவார்கள். பெக்தாஷிகள் முஸ்லிம்கள்தான், ஆனால் மதுவைத் தள்ளி வைப்பவர்கள் அல்ல. துருக்கியில் 1925-ல் சூஃபி மடங்களைத் தடை செய்தபோது அவர்களது தலைமையகமே திரானாவுக்கு வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் அல்பேனியப் பிரதமர் எடி ராமா, வாத்திகன் மாதிரி பெக்தாஷிகளுக்கென்று திரானாவுக்குள் ஒரு குட்டி நாடு உண்டாக்கப் போவதாக அறிவித்தார். அங்கே மதுவுக்கு அனுமதி உண்டு என்பதும் அந்த அறிவிப்பில் இருந்த விஷயம்!

ஆக, மதம் ஒயினைக் கொல்லவில்லை. கொல்லப் பார்த்தது வேறு.

1944 அக்டோபரில் பெராத்தில்தான் கம்யூனிஸ்ட்கள் கூடி என்வர் ஹோஜா தலைமையில் தற்காலிக அரசை அமைத்தார்கள். அடுத்த நாற்பது வருடம், 1985-ல் சாகும்வரை, ஹோஜாதான். 1948-ல் யூகோஸ்லாவியாவோடு சண்டை, 1961-ல் சோவியத்தோடு முறிவு, 1978-ல் சீனாவும் கைவிட்டது. இப்படி எல்லோரையும் பகைத்துக்கொண்டு ஒரு நாடே கதவைச் சாத்திக்கொண்டது. வெளிநாட்டுக் கடன் வாங்கக்கூடாது என்று 1976-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். அதற்கு முன் 1967-ல் எல்லா மதத்தையும் தடை செய்து பள்ளிவாசல், தேவாலயம், மடம் அத்தனையையும் மூடியாகிவிட்டது.

நிலம் முழுக்கக் கூட்டுப் பண்ணைக்கும் அரசுப் பண்ணைக்கும் போனது. சொந்தமாக ஒயின் செய்து விற்ற குடும்பங்களின் தொழில் அதோடு நின்றது. திராட்சை மட்டும் நிற்கவில்லை. சொல்லப்போனால் பெருகியது. "மலைகளையும் சமவெளி போல விளையவைப்போம்" என்கிற ரீதியில் பிரசாரம் செய்து, இளைஞர்களை 'தன்னார்வமாக'க் கூட்டி வந்து, மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டி ஆலிவும் திராட்சையும் நட்டார்கள். பெராத் சுற்றுவட்டாரத்து மலைகளில் அந்தப் படிகள் இன்றும் தெரியும். ஆனால் இலக்கெல்லாம் டன் கணக்கில்தான். எத்தனை டன் பழம் என்று கேட்டார்களே தவிர, ருசி எப்படி என்று யாரும் கேட்கவில்லை. விலையைச் சந்தை தீர்மானிக்காத இடத்தில் தரம் என்ன ஆகும் என்பதற்கு வணிகவியல் பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு பொருத்தமான உதாரணம்.

இந்தக் காலத்துத் தோட்டங்களைப் பற்றி ஒரு விசித்திரமான விஷயம் உண்டு. திராட்சைக் கொடி படர நட்ட கான்கிரீட் கம்பங்களின் உச்சியில் கூர்மையான இரும்பு முனைகளைப் பொருத்தியிருந்தார்கள். எதற்கு? எதிரி நாட்டு வீரர்கள் பாராசூட்டில் குதித்தால் அதில் குத்திக்கொண்டு சாகவேண்டுமாம்! நாடு முழுக்க ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல் பதுங்குகுழி கட்டிய அரசு, கொடிப் பந்தலை மட்டும் சும்மா விடுமா? பெராத்தும் போகோவவும் இருக்கிற இந்தச் சாலையில் நடுவே வரும் போலிச்சான் என்ற ஊரே தோட்டா செய்யும் ஆலைக்காக உண்டானது. கடைசிவரை ஒரு எதிரியும் குதிக்கவில்லை.

பெராத்துக்கு எதிரே ஷ்பிராக் என்று ஒரு மலை. கிராமத்துக் கதைப்படி தோமோரும் ஷ்பிராக்கும் இரண்டு அரக்கர்கள். ஒரு பெண்ணுக்காக அடித்துக்கொண்டு செத்தார்கள். ஷ்பிராக் மலைச்சரிவில் கோடு கோடாக இருக்கும் பள்ளங்கள் தோமோரின் வாள்வெட்டுகளாம், நடுவே ஓடும் ஓசும் ஆறு அந்தப் பெண்ணின் கண்ணீராம். 1968-ல் அந்த மலையில் கற்களை அடுக்கி 'என்வர்' என்று ஆங்கில எழுத்தில் ஐந்தே எழுத்து எழுதினார்கள். ஒவ்வொரு எழுத்தும் நூறு மீட்டருக்கும் மேல். ஆட்சி போனபிறகு ராணுவத்தை விட்டு அழிக்கப் பார்த்தும் முழுதாகப் போகவில்லை. 2012-ல் அர்மாந்தோ லுலாய் என்ற கலைஞர் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து முதல் இரண்டு எழுத்தை மட்டும் இடம் மாற்றிவிட்டார். இப்போது ஆங்கிலத்தில் 'நெவர்' என்று படிக்கவேண்டும். ஒருபோதும் இல்லை என்று அர்த்தம். இதற்கு டைனமைட்டே தேவைப்படவில்லை பாருங்கள்.

சரி, ஒயினுக்கு வருவோம். உண்மையான அழிவு, கம்யூனிசம் போன பிறகுதான் நடந்தது. இதைப் பலரும் சொல்வதில்லை.

1991-ல் ஆட்சி ஆட்டம் கண்டதும் மக்கள் கூட்டுப் பண்ணைகளைப் பிரித்து மேய்ந்தார்கள். கம்பி, கம்பம், கூரை, குழாய் எது கையில் கிடைத்ததோ அது போனது. கொடிகள் அடுப்புக்குப் போயின. அந்த ஜூலையில் 7501 என்ற எண் கொண்ட நிலச்சட்டம் வந்தது. பழைய சொந்தக்காரர்களுக்குத் திருப்பித் தராமல், பண்ணையில் இருந்த குடும்பங்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று நிலத்தைப் பங்கு போட்டார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக ஒரு ஹெக்டேருக்குச் சற்று மேல்தான் கிடைத்தது, அதுவும் ஒரே இடத்தில் இல்லை. ஒரு துண்டு ஆற்றோரம், ஒரு துண்டு மலைமேல், ஒரு துண்டு அடுத்த ஊர்ப்பக்கம்.

திராட்சைக்கு இது விஷம். நட்டால் மூன்று நான்கு வருடத்துக்கு வருமானம் கிடையாது. பிழிய இயந்திரம் வேண்டும், புளிக்க வைக்கத் தொட்டி வேண்டும், பாட்டில் வேண்டும், விற்கக் கடை வேண்டும். அரை ஏக்கர்த் துண்டில் இந்த முதலீட்டுக்கு யார் கடன் தருவார்கள்? பசித்தவன் கோதுமையும் மக்காச்சோளமும் போடுவானா, நாலு வருடம் கழித்து வரப்போகிற ஒயினுக்காகக் காத்திருப்பானா? போதாததற்கு எல்லை திறந்ததும் இத்தாலி ஒயின் கடைக்கு வந்து நின்றது. பல குடும்பங்கள் கொடியைப் பிடுங்கிவிட்டுக் கிளம்பிவிட்டன. 1991 ஆகஸ்டு 8 அன்று 'வ்லோரா' என்ற ஒரே கப்பலில் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் தொற்றிக்கொண்டு இத்தாலியின் பாரி துறைமுகத்தில் போய் இறங்கிய படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

மிச்சம் இருந்ததை 1997 முடித்தது. அங்கே போய் உழைத்தவர்கள் அனுப்பிய பணம், வங்கி சரியில்லாத நாட்டில், 'நிதி கம்பெனி'களுக்குப் போய்ச் சேர்ந்தது. அசல் தொழில் எதுவுமில்லாமல், புதிதாய்ப் போட்டவன் பணத்தை எடுத்து முன்னால் போட்டவனுக்கு வட்டி கொடுக்கிற அதே பிரமிடு வித்தைதான். 1996 நவம்பரில் ஜாஃபெரி என்ற கம்பெனி மூன்று மாதத்தில் பணம் மூன்று மடங்கு என்றது. உடனே போட்டிக்கு சூதே என்ற இன்னொன்று இரண்டே மாதத்தில் இரட்டிப்பு என்றது. வீட்டை விற்றார்கள், மாட்டை விற்றார்கள். விவசாயிகள் ஓட்டிவந்து விற்ற கால்நடைகளால் திரானா கசாப்புக் கூடம் மாதிரி இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் பணம் போட்டிருந்தார்கள். உச்சத்தில் அந்தக் கம்பெனிகள் திருப்பித் தரவேண்டிய தொகை நாட்டின் மொத்த ஆண்டு உற்பத்தியில் கிட்டத்தட்ட பாதி! எல்லாம் சரிந்தபோது, ஆயுதக் கிடங்குகள் உடைக்கப்பட்டு ஐந்து லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகள் தெருவுக்கு வந்தன. சுமார் இரண்டாயிரம் பேர் செத்தார்கள்.

இந்தப் பின்னணியை வைத்துத்தான் அந்த ஒயின் பண்ணையைப் பார்க்கவேண்டும். பெராத்துக்குச் சற்று வடக்கே ஊரா வாய்குரோரே என்ற ஊரில் இருக்கும் சோபோ பண்ணைதான் இந்தப் பக்கத்தில் பேர்போனது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒயின் செய்த குடும்பம், அரசு பிடுங்கிக்கொண்டதால் நிறுத்தி, அடுத்த தலைமுறை இத்தாலிக்குப் போய்த் தொழில் கற்று, 1990-களில் திரும்பி வந்து மறுபடி ஆரம்பித்தது. நாடே ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் வந்து கொடி நட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால், லாப நஷ்டக் கணக்கை விட அது ஒரு பிடிவாதம் என்றுதான் சொல்லவேண்டும்.

அதைவிட முக்கியம், என்ன நட்டார்கள் என்பது. உலகமெல்லாம் விலைபோகிற பிரெஞ்சு வகைகளை மட்டும் நட்டிருக்கலாம். ஆனால் தோமோர் அடிவாரத்தில் ரோஷ்னிக் என்ற கிராமத்துப் பக்கம் பூலஸ் என்று ஒரு வெள்ளைத் திராட்சை உண்டு. பெராத் வட்டாரத்தின் சொந்தச் சரக்கு. அதில் ஒயினும் செய்கிறார்கள், ஷாம்பெயின் முறையில் பாட்டிலுக்குள்ளேயே நுரைக்க வைத்து 'ஷெந்தெவெர்' என்ற பெயரில் விற்கவும் செய்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு மகிழ்ச்சி, கொண்டாட்டம் என்று அர்த்தம். இதில் ஒரு வேடிக்கை: அல்பேனிய மொழியில் 'வெர்' என்றால் ஒயின், 'வெர்' என்றாலே கோடைகாலமும்தான். இதேபோல நடுப்பகுதியில் ஷேஷ், வடக்கே கல்மெட், தெற்குப் பக்கம் வ்லோஷ் என்று அவரவர் ஊர்த் திராட்சையைத் தேடியெடுத்து நடுகிறவர்கள் இப்போது நாடு முழுக்க இருக்கிறார்கள். பிடுங்கி எறிந்ததில் தப்பியவை பெரும்பாலும் வீட்டு முற்றத்துப் பந்தலில் நிழலுக்காக விட்டுவைத்த கொடிகள்தான்.

அருவி விஷயத்தையும் சொல்லிவிடலாம். போகோவ அருவி பிரம்மாண்டம் ஒன்றும் இல்லை, சுமார் இருபது மீட்டர். கீழே நீலப்பச்சையில் ஒரு குளம். உச்சிவெயிலில் இறங்கினாலும் பல் கிட்டிக்கும். கிராமத்திலிருந்து நடக்க ஒரு மணி நேரத்துக்குள்தான் ஆகும். பெராத்துக்கும் குசோவாவுக்கும் குழாயில் குடிநீர் போவதும் இந்த போகோவ ஊற்றுகளிலிருந்துதான். குசோவா என்பது 1950 முதல் 1990 வரை 'ஸ்டாலின் நகரம்' என்ற பெயரில் இருந்த எண்ணெய் ஊர். அங்கிருந்த பழைய மிக் விமானதளம் 2024 மார்ச்சில் நேட்டோ தளமாகத் திறக்கப்பட்டது. யாருக்குப் பயந்து கம்பத்தில் முள் வைத்தார்களோ அவர்களே வந்து இறங்கிவிட்டார்கள், அதுவும் அழைப்பின் பேரில்.

சுற்றுலா இன்று அல்பேனியாவின் பெரிய வருமானம். 2023-ல் மட்டும் வந்த வெளிநாட்டவர் ஒரு கோடியைத் தாண்டினார்கள். சின்ன ஒயின் பண்ணைக்கு இது பெரிய வரம். ஏற்றுமதி செய்ய அளவு போதாது, உள்நாட்டுக் கடையில் இத்தாலி பாட்டிலோடு விலைப்போட்டி. ஆனால் வாசலுக்கே வந்து குடித்துப் பார்க்கிறவனுக்கு இடைத்தரகர் இல்லாமல், கமிஷன் இல்லாமல் முழு விலைக்கு விற்கலாம். அருவியையும் ஒயினையும் ஒரே டிக்கெட்டில் கட்டியவன் கெட்டிக்காரன்தான்.

ஆனால் வேறொரு கணக்கு உதைக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 28 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2023-ல் 24 லட்சம். கப்பலில் தொற்றிக்கொண்டு போன காலம் முடிந்துவிட்டது, இப்போது விமானத்தில் போகிறார்கள். போகிறவர்கள் பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். கட்டடவேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் பிலிப்பைன்ஸ், நேபாளம், வங்கதேசம், இந்தியாவிலிருந்து ஆள் வரவழைக்கிறார்கள். திராட்சை பறிக்கும் காலம் செப்டம்பர். சரியாக அதே மாதத்தில்தான் திரானாவிலிருந்து வேன்களும் நிறைய ஆட்களோடு பெராத் சாலைக்கு வருகின்றன.