மேஸ்திரியும் சாவியும்: கொங்குத் தமிழில் இலத்தீன் மூலச் சொற்கள்

கோயம்புத்தூரில் 1888இல் தோன்றிய ஸ்டேன்ஸ் நூற்பாலையைத் தொடர்ந்து பல ஆலைகள் பெருகின. அவற்றில் தொழிலாளரை மேற்பார்த்தவர் மேஸ்திரி. இச்சொல்லின் மூலம் ‘மேலோன், ஆசிரியன்’ எனப் பொருள்படும் ‘மாகிஸ்தெர்’ என்னும் இலத்தீன் சொல்லாகும். ஸ்பானியத்தில் அது ‘மாயெஸ்த்ரோ’ ஆகி இன்றும் பள்ளி ஆசிரியரைச் சுட்டுகிறது. போர்த்துக்கேயத்தில் ‘மெஸ்த்ரெ’ ஆகித் தமிழை அடைந்தது. ஆங்கிலம் வழியாகவும் அதே சொல் மறுமுறை வந்தது. திருப்பூரின் கட்டிங் மாஸ்டரும் கோவைத் தேநீர்க்கடை டீ மாஸ்டரும் கொத்தனார்களை மேய்க்கும் மேஸ்திரியும் சொல் வரலாற்றில் உடன்பிறந்தோரே.

தமிழுக்கு வந்த வழி போர்த்துக்கேயமே, ஸ்பானியம் அன்று என்பதற்கு ஒலிச்சான்று உண்டு. ‘மென்சா’ என்ற இலத்தீன் சொல் இரு மொழிகளிலும் ‘மேசா’ ஆனமையால், ‘மேசை’ எதனையும் உறுதிப்படுத்தாது. ‘சாவி’ உறுதிப்படுத்துகிறது. இலத்தீன் ‘கிளாவிஸ்’ ஸ்பானியத்தில் ‘யாவே’ எனவும் போர்த்துக்கேயத்தில் ‘சாவெ’ எனவும் திரிந்தது. சொல்முதல் ‘கிள’ ஒலி சகரமாவது போர்த்துக்கேயத்தின் இயல்பு. தமிழ்ச் சொல்லின் முதலெழுத்தே அதன் பிறப்பிடத்தைக் காட்டிவிடுகிறது.

கடலற்ற கொங்கு நாட்டில் இச்சொற்கள் நிலைத்தது எவ்வாறு? ஆட்சியே காரணம் எனல் பொருந்தாது. 1619 முதல் 1658 வரை போர்த்துக்கேயர் ஆண்ட யாழ்ப்பாணத்தில் ‘திறப்பு’ என்னும் தமிழ்ச்சொல்லே இன்றும் வழங்குகிறது. அவர்கள் ஆளாத கொங்கில் ‘சாவி’ வழங்குகிறது. 1663 வரை அவர்கள் வசமிருந்த கொச்சிக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியே நெடுங்காலமாக வணிகத் தொடர்பு இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் சத்தியமங்கலத்தில் இயேசு சபையினர் பணியாற்றினர். எனினும் கணவாயை மட்டுமே வழியாகக் கொள்ள இயலாது. மேசையும் மேஸ்திரியும் மலையாளத்திலும் உள. சாவிக்கோ அங்கே ‘தாக்கோல்’ என்பதே பெருவழக்கு. இந்தியிலும் ‘சாபி’ இருப்பதை நோக்க, ஒவ்வொரு சொல்லின் பயணத்தையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

ஜன்னலின் நிலை வேறு. இலத்தீனில் வாயிலைக் குறித்த ‘யானுவா’விலிருந்து கிளைத்த போர்த்துக்கேய ‘ஜனெலா’ தமிழில் ஜன்னல் ஆயிற்று. ஸ்பானியமோ காற்றைக் குறிக்கும் ‘வெந்துஸ்’ என்ற சொல்லிலிருந்து ‘வெந்தானா’வை ஆக்கிக்கொண்டது. சிலப்பதிகாரத்தில் பயிலும் ‘காலதர்’ என்பதும் காற்று வரும் வழி என்றே பொருள்படும். தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே கருத்தில் சொல் படைத்துள்ளன. ஸ்பானியர் தம் சொல்லை இன்றும் வழங்குகின்றனர். காலதர் அகராதிகளில் மட்டும் எஞ்சியுள்ளது.