சேர்ந்தால் சேரா?

நாலு பாவு சேர்ந்தால் ஒரு சேர், சேர்வதால் சேர். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் சேர் என்ற அளவைப்பெயருக்கு இப்படி ஒரு விளக்கம் உலவுகிறது. கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. இரண்டு உழக்கு சேர்ந்து உரியானபோதும், இரண்டு உரி சேர்ந்து நாழியானபோதும் அவை ஏன் சேர் ஆகவில்லை என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

இன்னொரு சாரார் தொல்காப்பியரையே சாட்சிக்கு இழுக்கிறார்கள். அவர் நூலின் தொகைமரபு, அளவுப்பெயர் நிறைப்பெயர்களுக்கு முதலாகச் சொல்லும் ஒன்பது எழுத்துகளில் சகரமும் உண்டு. ஆகவே சேர் அவர் அறிந்த சொல்லாம். உரையாசிரியர் இளம்பூரணரைப் புரட்டினால் வழக்கு முடிந்தது. சகரத்துக்கு அவர் காட்டும் அளவுப்பெயர் சாடி, நிறைப்பெயர் சீரகம். சேர் இல்லை.

அவர் அடுக்கும் மற்ற அளவுப்பெயர்களையும் பாருங்கள்: கலம், தூதை, பானை, மண்டை, அகல். எல்லாம் ஏனங்கள். நாழியும் உள்துளையுள்ள குழாய்தான். அது வடமொழி நாளி என்று சாதிப்பவர்கள் அம்பு வைக்கும் ஆவநாழிக்குப் பதில் சொல்லிவிட்டு வரட்டும். சிலப்பதிகாரத்து மதுரைக் கூலவீதியில் துலாக்கோல்காரரும் அம்பணத்தால் அளப்பவரும் ஒன்றாகத் திரிகிறார்கள். ஆனால் நிறுத்தலும் முகத்தலும் நம்மவர்க்கு வேறு வேறு.

சேரோ வடக்கிலிருந்து வந்த எடை. அங்கே 80 தோலா, ஏறக்குறைய 933 கிராம். சென்னை மாகாணத்துச் சேர் 8 பலம். அதாவது 24 தோலா, ஏறக்குறைய 280 கிராம். பெயர் மட்டும் தெற்கே வந்து உள்ளூர்ப் பலத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கன்னட எல்லையில் அதுவே முகத்தலுக்கும் பெயராகி, எடைக்கல் ஏனமாயிற்று. அரைச் சேர் அச்சேரு, கால் சேர் பாவு. பாவு என்பது வடமொழிப் பாதம். காலுக்குரிய பெயரே நாலிலொன்றுக்கும், நம் ‘கால்’ போலவே. தறியில் ஓடும் பாவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

வைக்கோற்புரி சுற்றி நெல் கொட்டிவைக்கும் சேர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, தமிழ்தான். அது குதிருக்கு அண்ணன். அதைக் கொண்டு யாரும் அளந்ததில்லை.

1956 சட்டத்தோடு கிலோவும் லிட்டரும் வந்தன. அடுக்களைப் பாவு அசையவில்லை. காரணம் எளிது. ஒரு லிட்டர் ஏனத்தில் அரிசி 800 கிராம் வாக்கில் பிடிக்கும். அவல் அதில் பாதி எடை தேறினால் அதிகம். ராகியைத் திரித்தால் எடை கூடாது, இடம் மட்டும் விரியும். போதாக்குறைக்குத் தலைதட்டி அளந்தால் ஒன்று, கோபுரமாகக் குவித்தால் ஒன்று. இத்தனை கிராமுக்கு இத்தனை பாவு என்று எல்லாப் பொருளுக்குமாக ஒரே கணக்கு எழுத முடியாது. களி கிண்டுகிறவர் ஒரு பாவு மாவுக்கு இரண்டு பாவு தண்ணீர் என்று உலையேற்றுகிறார். ஒரே ஏனத்தில் இரண்டையும் முகந்தால் பாவு எத்தனை கிராம் என்பது அவருக்கு எதற்கு?

எடைப்பெயர் ஒன்று எல்லை தாண்டி வந்து ஏனத்துக்குள் குடியேறியதுதான் ஓசூர்ச் சேர். இதில் எனக்கு ஐயமில்லை. மரக்காலில் இருப்பது எந்தக் கால் என்று கேட்பவர்களோடு வேண்டுமானால் இன்னும் மல்லுக்கட்டலாம்.