விண்டோஸ்.ஓல்டு

விண்டோஸ் இயங்குதளத்தை, டிஸ்க்கை ஃபார்மேட் செய்யாமல் அதன் மேலேயே மறுபடி நிறுவினால், பழைய நிறுவலின் கோப்புகள் ஒதுக்கிவைக்கப்படும் ஃபோல்டருக்கு ‘விண்டோஸ்.ஓல்டு’ என்று பெயர். சி டிரைவில் இருக்கும். நெய்வேலி நகரியத்தில் ஓய்வுபெற்றவர் குவார்ட்டர்ஸை ஒழித்துக் கொடுத்த பிறகே அடுத்தவர் குடிவர முடியும். விண்டோஸோ பழையவரின் சாமான்களைப் பின்கட்டில் பூட்டிவைத்துவிட்டுப் புதியவரைக் குடியேற்றிவிடுகிறது.

இந்த ஃபோல்டர் 20 ஜிபியைத் தாண்டுவது சாதாரணம். விண்டோஸ் 7-இல் நாமாக நீக்கும்வரை அது அப்படியே கிடக்கும். மீண்டும் நிறுவினால் ‘விண்டோஸ்.ஓல்டு.000’ என்று இன்னொன்று முளைக்கும். விண்டோஸ் 10 வந்தபோது 30 நாளில் தானாக நீங்கும் என்றிருந்த கெடு, 2016-இல் 10 நாளாகக் குறைந்தது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்து, பலரும் 11-க்கு மாறிவரும் நிலையில் இந்தப் பத்து நாள் கணக்கை அறிந்திருப்பது அவசியம்.

ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து டெலீட் விசையை அழுத்தினால், அனுமதி இல்லை என்ற செய்தியே பெரும்பாலும் வரும். உள்ளிருக்கும் கோப்புகள் பலவற்றுக்கு உரிமையாளர் ‘டிரஸ்டட்இன்ஸ்டாலர்’ என்ற உள்கணக்கு. செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய், ‘ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்ஸ்’ என்ற பெட்டியில் டிக் செய்து நீக்குவதே முறை. நீக்கிய பின் பழைய விண்டோஸுக்குத் திரும்ப முடியாது. அதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்பதும் இருக்கும். கைதவறி அதற்கும் டிக் போட்டால், இறக்கிவைத்த சான்றிதழும் ரசீதும் ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் அழிந்துவிடும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு: எழுத்துருக்கள். வானவில் அவ்வையார், பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளுக்கான எண்களிலேயே தமிழைப் பொதித்துவைப்பவை. தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ்16-ஐயும் எழுத்துக் குறியாக்கத் தரமாக அறிவித்த பிறகும், டிடிபி கடைகளில் இவற்றின் புழக்கம் நின்றுவிடவில்லை. வில்லுடையான்பட்டு கோயிலின் பங்குனி உத்திர நோட்டீஸோ தொழிற்சங்கத் துண்டறிக்கையோ இவற்றில் அடிக்கப்பட்டிருந்தால், மறுநிறுவலுக்குப் பின் அந்தக் கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுகிறவர்கள் உண்டு. பரிதாபம், ஏனென்றால் தேவைப்படும் எழுத்துரு விண்டோஸ்.ஓல்டுக்குள், விண்டோஸ் என்ற உள்ஃபோல்டரின் ‘ஃபான்ட்ஸ்’ பகுதியில் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். அதைப் பெயர்த்தெடுத்துப் புதிய நிறுவலில் சேர்த்தால் எழுத்தெல்லாம் திரும்பிவிடும். ஆவணங்களையும் புகைப்படங்களையும் ‘யூசர்ஸ்’ பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணுக்கே தெரியாத மிச்சமும் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் காலக் கணினிகளில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸை மட்டும் மறுபடி நிறுவினால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தொடக்கத் திரை போய்விடும். லினக்ஸ் பகுதி மட்டும் டிஸ்க்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். விண்டோஸால் அதைப் படிக்க முடியாது. ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திரையில் டிரைவ் எழுத்தோ பெயரோ இல்லாத கட்டமாகத்தான் காட்டும். உள்ளே தேவையானது ஏதும் இருந்தால், லினக்ஸ் பென்டிரைவ் மூலம் கணினியைத் தொடங்கி முதலில் எடுத்துவிட வேண்டும்.

தொடக்கத் திரை இன்னும் வருகிறது என்றால் அந்தக் கட்டத்தில் கைவைக்கக் கூடாது. கணினியைத் தொடங்கிவைக்கும் ‘கிரப்’ நிரலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அழித்தால் அடுத்த முறை கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று நின்றுவிடும். அப்படி நின்ற பழைய கணினியை விண்டோஸ் நிறுவல் டிஸ்க்கால் தொடங்கி, ‘பூட்ரெக்’ கட்டளையால் தொடக்கப் பதிவை மறுபடி எழுதினால் விண்டோஸ் வழக்கம்போல் திறக்கும்.