பாரி நாயனம் பிறந்த கதை

நாகசுர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைக் கேட்டவர்கள் அவர் மூச்சின் நீளத்தையும் கற்பனையின் பெருக்கையும் வியந்து பேசுவார்கள். அந்தத் தோடியில் ஓர் ஆசாரியின் கைவேலையும் சேர்ந்து ஒலிக்கிறது. ராஜரத்தினம் பிள்ளையின் காது கேட்டதை மரத்தில் கடைந்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி.

அவர் கடைந்த குழலுக்கு முன் வழக்கில் இருந்த நாகசுரம் திமிரி நாயனம். குட்டையான குழல், நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் உச்சமாக ஒலிக்கும். சுவாமி புறப்பாடு வரும்போது நான்கு வீதிக்கும் கேட்க வேண்டும் என்ற தேவைக்கு அது நன்றாகவே பொருந்தியது. ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. சுத்த மத்தியமம் இயல்பாக வந்து நிற்காது. விரலைப் பாதி மூடியும், உதட்டால் ஊதுவாயான சீவாளியை அழுத்தியும் தளர்த்தியும், மூச்சைக் கூட்டிக் குறைத்தும் அந்தச் சுரத்தை அதன் இடத்துக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

ஒரு சுரம்தானே என்று விட்டுவிட முடியாது. 72 மேளகர்த்தா ராகங்களில் முதல் 36-க்கும் சுத்த மத்தியமம்தான். தோடி, கரகரப்பிரியா, சங்கராபரணம் எல்லாம் அந்தப் பாதியில் இருக்கின்றன. கணக்காகச் சொன்னால், இரண்டு கட்டை ஷட்ஜம் விநாடிக்குச் சுமார் 294 அதிர்வு. அதை மூன்றால் வகுத்து நான்கால் பெருக்கினால் சுத்த மத்தியமம், 392. பிரதி மத்தியமம் 413-ஐ ஒட்டி வரும். இடைவெளி சுமார் இருபது அதிர்வுதான். அதற்குள் சுரம் தடுமாறினால் தோடி தோடியாக இருக்காது.

1898-இல் பிறந்த ராஜரத்தினம் பிள்ளை வாய்ப்பாட்டும் முறையாகக் கற்றவர். குரலில் சுத்தமாக நிற்கும் மத்தியமம் குழலில் ஏன் நிற்கக் கூடாது என்ற கேள்வி அப்படிப்பட்டவருக்குத்தான் உறுத்தும். அவர் வாழ்ந்த திருவாவடுதுறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது நரசிங்கம்பேட்டை, நாயனம் செய்யும் குடும்பங்களின் ஊர். வித்வானும் ஆசாரியும் அருகருகே இருந்தது இசையுலகின் நல்லகாலம்.

நாயனத்தின் உடல் உலவு. ஆச்சா மரத்தில் கடைவார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூணும் உத்திரமும் இதற்கு உகந்தவை. பல பத்தாண்டுகள் காய்ந்து ஈரம் வற்றிய மரம் பிறகு கோணாது, வெடிக்காது. மேலே கெண்டை, அதில் நாணல் சீவாளி, கீழே வாய் விரிந்த அணசு. விரல் வைத்து வாசிக்க ஏழு துளை. அவற்றுக்குக் கீழே விரல் படாத ஐந்து துளை. மெழுகால் அடைத்தும் திறந்தும் இவற்றைக்கொண்டு சுருதியைச் சரிபார்ப்பார்கள். வாசிக்கும் துளை சீவாளிப் பக்கம் நகர்ந்தால் சுரம் ஏறும். அணசுப் பக்கம் நகர்ந்தால் இறங்கும். குழல் நீண்டால் ஆதார சுருதியே தாழும். ஒன்றைத் தொட்டால் மற்றவையும் மாறும் என்பதால், ஒரு மத்தியமத்தைத் திருத்த முழு நாயனத்தையும் புதிதாக அளந்தாக வேண்டும்.

அப்படி அளந்து பிறந்ததுதான் பாரி நாயனம். இரண்டரை அடியை ஒட்டிய நீளம், இரண்டு, இரண்டரை கட்டைச் சுருதி, அடர்ந்த கம்பீரமான நாதம், இடத்தில் நிற்கும் சுத்த மத்தியமம். 1956-இல் ராஜரத்தினம் பிள்ளை மறைந்தார். அவர் கேட்டு வாங்கிய குழல் நாகசுர உலகின் பொதுச்சொத்தாகிவிட்டது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் நல்ல குழல் கையில் இருந்தால் மட்டும் சுருதி சேர்ந்துவிடாது. ஏற்காடு மலைக்கு ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போகும் குழுவை எடுத்துக்கொள்வோம். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500 மீட்டர். மேலே போனால் எட்டு டிகிரி அளவுக்குக் குளிர் கூடும். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவதால் குழலின் சுருதி இறங்கும். எட்டு டிகிரிக்கு அரைச் சுரத்தில் ஏறக்குறைய கால் பங்கு. எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியோ அசையாமல் நிற்கும். சேலத்தில் சேர்ந்திருந்த நாயனம் ஏற்காட்டில் ஊர்வலம் தொடங்கும்போது சற்றே தாழ்ந்து கேட்கும். ஊத ஊத உள்காற்று சூடாகிச் சுருதி ஏறிவரும். அதுவரை அந்தக் குறையை உதட்டாலும் மூச்சாலும் நிரப்ப வேண்டியவர் வாசிப்பவர்தான். குறை இருக்கிறது என்று அவருக்குச் சொல்வது அவர் காது மட்டுமே.

அதனால்தான் நாகசுரம் கற்க வருபவரை முதலில் பாடச் சொல்வது நம் வழக்கம். பாட வராத சுரம் குழலிலும் வராது. இன்று பாடவோ வாசிக்கவோ தொடங்குபவருக்கும் வழி அதுவே. சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு ஷட்ஜத்தை நீளமாகப் பிடியுங்கள். பெட்டி 294-இலும் நீங்கள் 297-இலும் இருந்தால், ஒலி விநாடிக்கு மூன்று முறை ஏறி இறங்கி அதிரும். நெருங்க நெருங்க அந்த அதிர்வு மெதுவாகும், சேர்ந்ததும் நின்றுவிடும். இதைக் கேட்கத் தனி ஞானம் வேண்டாம்; பொறுமை போதும். தினமும் கேட்டால் காது பழகும்.

‘எனக்குச் சுருதி ஞானம் இல்லை’ என்று சொல்லிப் பலர் பாட்டையே விட்டுவிடுகிறார்கள். விடவேண்டாம். ஒரு சுரம் சரியாக இல்லை என்று காது சொன்னதிலிருந்துதான் ஒரு புதிய வாத்தியமே பிறந்தது. பிசகைக் கேட்கத் தொடங்கிய காது சுருதியைக் கற்கத் தொடங்கிவிட்டது.