தளம் பாவுதலும் பாறை வகுத்தலும்

கட்டுதற்கு முன் நிலத்தை அளந்து கோடிட்டு வகுத்தல் தமிழர்க்குத் தொன்மையான வழக்கு. நெடுநல்வாடையில் நக்கீரர், கட்டட நூல் வல்லார் கோல் நட்டு நிழல் நோக்கித் திசை தெளிந்து, கயிறு பிடித்து அரண்மனை வகுத்தமையைக் கூறுகின்றார். வடமொழிச் சிற்ப நூலாகிய மயமதம் மனையிடத்தை 64, 81 முதலிய எண்ணிக்கையுள்ள கட்டங்களாகப் பகுக்கும். இவ்விதிகளைக் கைவினைஞர் எவ்வாறு கையாண்டனர் என்பதை அறிய, மாமல்லபுரத்துப் பாறைகள் பெரிதும் துணைசெய்யும் எனக் கருதுகின்றோம்.

முதற்கண் இக்காலத் தொழிலை நோக்குவோம். 12 அடி 4 அங்குல அகலமுள்ள அறையில் 2 அடித் தளக்கற்களை ஒரு சுவரிலிருந்தே பதித்துச் செல்லின், 6 முழுக்கற்கள் அமைந்தபின் 4 அங்குலக் கீற்று எஞ்சும். அது காட்சிக்கு ஒவ்வாது. வெட்டுங்கால் உடையவும் கூடும். அறையின் நடுக்கோட்டில் ஒரு கல்லின் நடுவை நிறுத்தின், 5 முழுக்கற்களின் இருமருங்கும் 1 அடி 2 அங்குலத் துண்டுகள் ஒத்து நிற்கும். ஈண்டு இணைப்பு இடைவெளி கணக்கிடப்பெறவில்லை. குறுக்குக்கோட்டின் நேர்மையை 3, 4, 5 அடி அளவுள்ள முக்கோணத்தால் சரிபார்ப்பர். காரை இறுகியபின் திருத்தம் அரிதாகலின், கொத்தனார் முதலில் நூல் பிடிக்கின்றார்.

பாறை குடைவோர்க்கோ திருத்தம் இயலாததே. கி.பி. 7, 8-ஆம் நூற்றாண்டுகளில் பல்லவர் காலச் சிற்பிகள் பாறை முகத்தில் நெடுக்கும் குறுக்குமாகப் பள்ளக்கோடுகள் வெட்டிச் சதுரங்களாக்கினர். இடையில் நின்ற கட்டிகளை உளியால் பெயர்த்தனர். உள்ளே சென்று மீண்டும் அவ்வாறே வகுத்தனர். முற்றுப்பெறாத குடைவரைகளில் இச்சதுரங்களை இன்றும் காணலாம். வலையன்குட்டை இரதமும் பிடாரி இரதங்களும் மேற்பகுதி உருப்பெற்று, அடிப்பகுதி செதுக்கப்படாது நிற்றலின், பணி மேலிருந்து கீழ்நோக்கிச் சென்றமை புலனாகும். உச்சியில் கோடிடுங்காலே அடித்தளத்தின் அளவும் சிற்பியின் உள்ளத்தில் தெளிவாக இருந்திருத்தல் வேண்டும்.

தளத்தில் இட்ட கோட்டைப் பதித்த கல் மறைக்கும். பாறையில் இட்ட கோட்டை உளியே அழிக்கும். ஆதலின் முற்றுப்பெற்ற கோயில் தன் வகுப்புமுறையை எளிதிற் காட்டாது. முற்றுப்பெறாததே அதனைக் காட்டும். எனினும் 1984-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்ற இவ்வூருக்கு வருவோர் பலர், இவற்றைக் குறைப்பணி எனக் கருதிக் கடந்து செல்கின்றனர். இக்கோடுகள் சிதையின் தொழில்முறைச் சான்றும் உடன் மறையும். சதுரங்களின் பக்க அளவுகளைத் தொகுத்து ஒப்பிடின், அச்சிற்பிகள் கையாண்ட முழக்கோலின் அளவை ஆராயவும் வழி பிறக்கும். அப்பணியை ஆய்வாளர் மேற்கொள்ளுதல் நன்று.