மரிக்கார் ராமதாஸ்: நம் பேச்சைப் பெயராகப் பெற்றவர்

இலங்கை வானொலியின் நகைச்சுவைக் கலைஞர் எஸ். ராமதாஸ் முஸ்லிம் அல்லர். ஆயினும் 'மரிக்கார்' என்னும் முஸ்லிம் குடும்பப் பெயர் ஆயுள் முழுவதும் அவரோடு ஒட்டிக்கொண்டது. நம் கீழக்கரை, காயல்பட்டினம் மரைக்காயர்களின் பெயரே இலங்கையில் மரிக்கார் என வழங்குகிறது.

அவர் எழுதி நடித்த 'கோமாளிகளின் கும்மாளம்' என்னும் தொடர் நாடகம், 1970களில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் ஒலிபரப்பாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதில் முகம் தெரியாது, குரல் மட்டுமே. ஆதலால் ஒவ்வொரு பாத்திரத்தையும் அதன் பேச்சு வழக்கைக் கொண்டே நேயர்கள் இனங்கண்டனர். டி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி. எஸ். செல்வசேகரன் தமிழைச் சிங்கள வாடையுடன் பேசும் உபாலி. ராமதாஸ் இலங்கை முஸ்லிம்களின் தமிழைப் பேசும் மரிக்கார். பிராமணத் தமிழ் பேசும் ஐயராக நடித்தவர் யார் தெரியுமா? பிற்காலத்தில் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியால் தமிழகமெங்கும் அறிமுகமான பி. எச். அப்துல் ஹமீத் அவர்கள்தாம். ஐயராக ஒரு முஸ்லிம், முஸ்லிமாக ஒரு பிற சமயத்தவர்! இந்நாடகம் 1976இல் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாகவும் வெளிவந்தது. இலங்கையில் தமிழ்ப் படம் எடுப்பதே அரிதாயிருந்த காலம் அது.

நாடகமும் திரைப்படமும் கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்துக்குள் நான் இங்கு நுழையவில்லை. என் கேள்வி வேறு. ஒரு சமூகத்தார் மற்றொரு சமூகத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆவது வசனம் தடுக்கிறது. மரிக்கார் பாத்திரம் அந்தப் பரிகாசத்தில் அடங்குமா?

தமிழ்த் திரைப்படங்கள் பலவற்றில் முஸ்லிம் என்றாலே 'நம்பள், நிம்பள்' என்று பேச வைத்தார்கள். எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்தில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு, உருது பேசுவோரும் உண்டு. எவர் வீட்டிலும் அப்படி ஒரு மொழி பேசப்படுவதில்லை. மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் பேசுவதை நபி (ஸல்) அவர்கள் எத்துணைக் கடுமையாக எச்சரித்தார்கள் என்பதை இங்கே நினைக்க வேண்டும். அவர்களும் தோழர்களிடம் வேடிக்கையாகப் பேசியதுண்டு. எனினும் அதில் உண்மையைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை.

ராமதாஸ் எடுத்துக்கொண்டதோ உண்மையிலேயே மக்கள் வாயில் வழங்கிய பேச்சு. அதற்கு அவர் காது கொடுத்துப் பழகியிருக்க வேண்டும். மேலும் அந்நாடகத்தில் சிரிப்புக்கு இலக்கானவர் மரிக்கார் மட்டும் அல்லர்; அப்புக்குட்டியும் உபாலியும் ஐயரும் அதே தராசில் நிறுக்கப்பட்டனர். நால்வரும் தத்தம் தமிழிலேயே பேசினர். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கியது. அதன்பின் 1983இல் அத்தீவில் நடந்தவற்றை அறிந்தவர்களுக்கு, அந்த நான்கு குரல்களும் ஒரே ஒலிவாங்கியின் முன் நின்றது எளிய செய்தியாகத் தோன்றாது. எனவே இதனைப் பரிகாசத்தில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. மாற்றுக் கருத்துடையோர் இருக்கலாம்.

ராமதாஸ் 2016இல் சென்னையில் காலமானார். அப்போதும் 'மரிக்கார்' ராமதாஸ் என்றே அவரைக் குறிப்பிட்டு எழுதினார்கள்.